"சால்ட்" என்பதற்கு "உப்பு" போதுமா?

வணக்கம்.

மொழிபெயர்ப்பில் இருக்கும் பாதுகாப்புக் கையேட்டில் "சால்ட்" என்பது ஓரிடத்தில் "உப்பு", ஓரிடத்தில் "சேர்க்கை", இன்னோரிடத்தில் "ரகசிய எண்" என்று நிற்கிறது. ஒன்றை முடிவு செய்தாக வேண்டும். என் ஓட்டு "உப்பு"க்கு.

புதியவர்களுக்காகப் பொருள்: பயனர் கணக்குத் தொடங்கும்போது கணினி ரேண்டமாக ஒரு பைட்டுத் தொடரை உருவாக்குகிறது. அதுதான் சால்ட் (16 பைட்டு என்பது இன்று வழக்கமான அளவு). அதைக் கடவுச்சொல்லோடு சேர்த்து ஹாஷ் செய்து (அதாவது மூலத்தைத் திரும்ப எடுக்க முடியாத ஒரு குறியீடாக மாற்றி), ஹாஷையும் தொடரையும் அருகருகே சேமிக்கிறது. அடுத்த முறை அவர் உள்நுழையும்போது அதே தொடரைச் சேர்த்து மறுபடி கணக்கிட்டு ஒப்பிடுகிறது. ஒரே கடவுச்சொல் வைத்த இருவருக்கும் இரு வேறு ஹாஷ் வரும் என்பதால், திருடியவர் முன்கூட்டியே கணக்கிட்டு வைத்திருக்கும் ஹாஷ் அட்டவணை எடுபடாது. பழைய யூனிக்ஸ் இயங்குதளத்தில் சால்ட் 12 பிட்டுதான், அதாவது 4096 வகை. இன்றைக்கு அது உப்புப் பெறாத பாதுகாப்பு.

*

> என் ஓட்டு "உப்பு"க்கு

எனக்கு உடன்பாடில்லை. "உப்பு" ஏற்கெனவே அளவுக்கு மீறிச் சுமக்கிறது.

"ரத்தத்துல உப்பு ஏறிடுச்சு" என்றால் கிரியாட்டினினும் யூரியாவும் கூடிவிட்டன என்று பொருள். அதைக் கேட்டவர் குழம்பில் உப்பைக் குறைத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார். கர்ப்பிணிக்குச் சொல்லும் "உப்பு நீர்" சிறுநீரில் இறங்கும் புரதம். ஆழ்துளைக் கிணற்றின் "உப்புத் தண்ணி"யில் சோப்பு நுரைக்காததற்குக் காரணம் கால்சியமும் மக்னீசியமும், சோற்றுப்பு அல்ல. வேதியியல் வகுப்பிலோ அமிலமும் காரமும் சேர்ந்து தருவதெல்லாம் உப்பு, மயில்துத்தம் உட்பட. போதாக்குறைக்கு "சோத்துல உப்பு போட்டுத்தானே திங்கிற?" என்றால் அது ரோஷத்தைப் பற்றிய கேள்வி. இத்தனைக்கும் நடுவில் கடவுச்சொல்லையும் கொண்டுவந்து போட்டால், படிப்பவர் எதை எடுத்துக்கொள்வார்? "விரவுத்தொடர்" என்று புதிதாக ஆக்கிக்கொள்ளலாமே.

*

பல பொருள் இருப்பது தடையே இல்லை என்பேன். தச்சுப் பட்டறையில் "80 நம்பர் உப்புத்தாள் எடு" என்றால் யாரும் நக்கிப் பார்ப்பதில்லை. அதில் ஒட்டியிருப்பது அலுமினிய ஆக்சைடோ கார்னெட்டோ. உப்பு துளியும் கிடையாது. துறை தெரிந்தால் பொருள் தானாக விலகிக்கொள்ளும். "விரவுத்தொடர்" கேட்க அழகுதான், ஆனால் படித்ததும் சால்ட் நினைவுக்கு வராது. கூடவே விளக்கம் போட்டுக்கொண்டே இருக்க வேண்டிய சொல்.

உண்மையான சிக்கல் இலக்கணத்தில் இருக்கிறது. "உப்பு" வினையும்கூட. பூரி உப்பும், கன்னம் உப்பும். வரைவில் ஒருவர் "உப்பிய ஹாஷ்" என்று எழுதியிருக்கிறார். அது வீங்கிய ஹாஷ். "உப்பிட்ட ஹாஷ்" என்பதுதான் சரி. ஆகவே வினைக்கு எங்கும் "உப்பிடு" மட்டும். "உப்பிட்ட கடவுச்சொல்" என்றும் எழுத வேண்டாம். சேமிக்கப்படுவது கடவுச்சொல் அல்ல, ஹாஷ்.

பெயர்ச்சொல்லுக்குத் தனி "உப்பு"க்குப் பதில் "உப்புச்சரம்". "ஸ்ட்ரிங்" என்பதற்குச் "சரம்" கணித்தமிழில் நிலைத்துவிட்டது. ஒட்டினால் இது தரவுதான் என்று உடனே தெரிகிறது, "உப்புச்சர நீளம்", "உப்புச்சரத்தை உருவாக்கு" என்று உருபுகளும் இடறாமல் ஏறுகின்றன. மருத்துவரின் உப்போடும் குழம்பாது.

சால்ட் சேர்க்காததற்கு "உப்பிலா ஹாஷ்". 2012இல் லிங்க்டுஇன்னிலிருந்து கசிந்த சுமார் 65 லட்சம் ஷா-1 (பழைய ஹாஷ் முறை ஒன்று) ஹாஷ்கள் உப்பிலாதவைதாம். பெரும்பகுதி சில நாட்களிலேயே உடைந்தது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்ற பழமொழியை அடிக்குறிப்பில் போட ஆசையாக இருக்கிறது, தொகுப்பாளர் விட்டால்.

*

"உப்புச்சரம்" எனக்குச் சம்மதம். "விரவுத்தொடர்" சொன்னவரும் சரம் சேர்ந்தால் ஆட்சேபம் இல்லை என்று தனி மடலில் எழுதிவிட்டார்.

"ரகசிய எண்" மட்டும் எந்தப் பக்கத்திலும் மிஞ்சக் கூடாது. உப்புச்சரம் ரகசியம் அல்ல. கடவுச்சொற்களை ஹாஷ் செய்யும் பி-கிரிப்ட் முறை தரும் 60 எழுத்து வரியைப் பாருங்கள்: முதல் 7 எழுத்து பதிப்பும் வேலைச்சுமையும் (கணக்கீடு எவ்வளவு கடினமாக இருக்க வேண்டும் என்ற எண்), அடுத்த 22 எழுத்து உப்புச்சரம், கடைசி 31 ஹாஷ். எல்லாம் ஒரே வரியில், திறந்தபடி. "ரகசியம்" என்று படித்த நிரலாளர் என்ன செய்வார்? ஒரே ஒரு தொடரை உருவாக்கி, அமைப்புக் கோப்பில் பூட்டி வைத்து, எல்லாப் பயனருக்கும் அதையே போடுவார். அப்புறம் ஒரே கடவுச்சொல் உள்ளவர்களுக்கு ஒரே ஹாஷ் வரும். ஒன்று உடைந்தால் அத்தனையும் உடைந்த மாதிரி. ரகசியமாக, தரவுத்தளத்துக்கு வெளியே வைக்க வேண்டியது "பெப்பர்". அதற்கு "மிளகுச்சரம்" என்று வைத்தால் ஜோடி பொருந்தும், ஆனால் அதைத் தனி இழையில் பேசுவோம்.

அருஞ்சொல் பதிவுக்கு என் வரைவு:

உப்புச்சரம் (பெ.): ஹாஷ் செய்யும் முன் கடவுச்சொல்லோடு சேர்க்கும் ரேண்டம் பைட்டுத் தொடர். பயனருக்குப் பயனர் வேறு. கடவுச்சொல் மாறும்போதும் புதிதாக உருவாக்க வேண்டும். பயனர்பெயரை உப்புச்சரமாகப் பயன்படுத்தக் கூடாது ("அட்மின்" என்ற பெயர் எல்லாத் தளத்திலும் இருப்பதால் அதற்கென்றே அட்டவணை தயாரித்துவிடலாம்).

உப்பிடு (வி.): உப்புச்சரம் சேர்.

இடைமுகத்தைக் கவனிப்பவர்கள் ஒன்று பாருங்கள்: அமைப்புகள் பக்கத்தில் ஒரு பொத்தான் இன்னும் வெறும் "உப்பு" என்றே இருக்கிறது. ஏவல் வினையாகப் படித்தால் பயனரை வீங்கச் சொல்கிறது. "உப்பிடு" என்று மாற்றி, அடுத்த வெளியீட்டுக்கு முன் மொழிக்கோப்பைப் பதிவேற்றிவிடுங்கள்.