மைப்படிச் சுருள்களைப் பிரிக்க உதவி வேண்டும்

வணக்கம். கிராமத்துத் தலைமையாசிரியர் ஒருவர், ஓய்வுக்குப் பின் ஊர் ஊராகச் சைக்கிளில் போய் எடுத்த கல்வெட்டு மைப்படிகள் (கல்லின் மேல் ஈரத்தாளை ஒட்டி, மை ஒற்றி எடுக்கும் எழுத்துப் படிகள்) சுமார் 40 சுருள், ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. தண்ணீர் தெளித்தால் மை கரையும். விளக்குக் கரியும் பிசினும் கலந்த மை அது. இஸ்திரி போடுவதும், பாரம் வைத்து அழுத்துவதும் கூடாது. தூரிகையால் அடித்துப் பதித்த எழுத்துப் பள்ளம் தட்டையாகிவிட்டால், தேய்ந்த எழுத்தை இனி வாசிக்கவே முடியாது. லேமினேஷன் பேச்சே வேண்டாம்.

மூடிய பெட்டிக்குள் ஈரப்பதம் ஏற்றி இளக்கியவர்கள் யாராவது உண்டா? எத்தனை மணி நேரம் வைத்தீர்கள், பூஞ்சை வந்ததா?

இன்னொன்று: அவர் நோட்டில் சக ஆண்டு மட்டுமே இருக்கிறது. ஆங்கில ஆண்டுக்கு 78 கூட்டிக்கொள்ளலாம். ஆனால் ஊர்ப்பெயர்கள் பழையவை. அரசுக் கல்வெட்டுத் துறையின் 1887 முதலான ஆண்டறிக்கைகளோடு ஒப்பிட்டு, ஏற்கெனவே பதிவானவற்றைக் கழிக்கவும் ஆள் வேண்டும்.