2080-இல் எண்ணூர்: கதையில் எவ்வளவு தூரம் அளக்கலாம்?

எண்ணூர்_எழுத்தன்:
2080-இல் நடக்கிற அறிவியல் கதை ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன், களம் காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை. வீட்டுக்கு வீடு டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டி, உள்ளே கிராஃபீன் (ஒரே ஓர் அணு தடிமனுள்ள கார்பன் தாள்) சவ்வு, ஒரு பக்கம் கடல்நீரை ஊற்றினால் மறுபக்கம் குடிநீர், கரன்ட்டே வேண்டாம். லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கிற ஆளே கதையில் கிடையாது. படித்த நண்பன் சுத்த புருடா என்கிறான். 2004-இல் பிரித்தெடுத்த கிராஃபீனுக்கு 2010-லேயே நோபல் கொடுத்துவிட்டார்கள், 2080-க்குள் இதுகூட வராதா?

மணலி_கெமிக்கல்:
"கரன்ட் வேண்டாம்" என்பதை மட்டும் எடுத்துவிடுங்கள் சார். சவ்வு எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் தண்ணீர் வேகமாகப் போகும், அவ்வளவுதான். உப்பைப் பிரிக்கத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல் மாறாது. கடல்நீரில் பாதியை நல்ல தண்ணீராக எடுத்தால், கிடைக்கிற 1,000 லிட்டருக்குச் சுமார் 1 யூனிட். 3080-லும் அதற்குக் கீழே இறங்காது. கடல்நீரைச் சவ்வு வழியே அழுத்தித் தள்ளி உப்பைப் பிரிக்கிற இன்றைய ஆர்.ஓ. ஆலைகள் 3, 4 யூனிட்டில் ஓடுகின்றன. மற்றபடி பெட்டி புருடா இல்லை. உயிர்காப்புப் படகுகளுக்கென்று கையால் அடிக்கிற ஆர்.ஓ. பம்பு இப்போதே இருக்கிறது, குடிக்கிற அளவுக்குத் தண்ணீர் வரும். வீடு முழுக்க வேண்டுமென்றால் பெட்டியைப் பெரிதாக்கி மொட்டைமாடியில் ரெண்டு சோலார் பலகை வையுங்கள், தீர்ந்தது.

காசிமேட்டுப்_பொண்ணு:
எங்கே தீர்ந்தது அண்ணே, உப்பை யார் அள்ளுவது? அஞ்சு பேர் இருக்கிற வீட்டில் ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் என்றால் 675 லிட்டர். நீங்கள் சொன்ன பாதிக் கணக்கில் 1,350 லிட்டர் கடல்நீர் உள்ளே போக வேண்டும், லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. பெருக்கிப் பாருங்கள், 47 கிலோ! ஒரு வீட்டுக்கு, தினமும். கடல்நீரைக் குடிநீராக்குகிற காட்டுப்பள்ளி ஆலை 2010-இல் வந்தது, நாளைக்கு 10 கோடி லிட்டர் எடுக்கிற திறன், மிச்சமாகிற உவர்நீர் திரும்பக் கடலுக்குத்தான் போகிறது. அது கனமான தண்ணீர், சரியாகக் கலக்காவிட்டால் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும், நண்டும் இறாலும் இருக்கிற இடத்தில். கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் ஏற்கெனவே அனல்மின் நிலையச் சாம்பல் வேறு. காசிமேட்டில் கதை நடக்கிறது என்கிறீர்கள், வலை போடுகிற ஆள் யாராவது அதில் வருகிறாரா?

வியாசர்பாடி_வாசகன்:
கணக்கெல்லாம் சரி, அதற்காகக் கதையை இ.பி. பில் மாதிரி ஆக்கிவிடாதீர்கள். எனக்கு அந்த 47 கிலோ பிடித்துவிட்டது. தெருத்தெருவாக உப்பு அள்ள ஒரு வண்டி, அதற்கு மாதச் சந்தா, கட்ட முடியாதவன் ராத்திரியோடு ராத்திரியாக பக்கிங்காம் கால்வாயில் கொட்டுகிறான், மாட்டிக்கொள்கிறான். அவனை நாயகனாக்குங்கள் தல. அப்புறம் ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2021 அறிக்கையையும் பாருங்கள், உமிழ்வு மிக அதிகமாகவே போனால் 2100-க்குள் கடல்மட்டம் 0.63 முதல் 1.01 மீட்டர் வரை ஏறலாம் என்கிறது. மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல் உப்பு ஏறியது பழைய சங்கதி, 2080-இல் கடல்நீரை யாரும் குடத்தில் எடுத்துவந்து ஊற்ற வேண்டியிருக்காது, போர்வெல் போட்டாலே வரும். எழுதினவரைக்கும் இங்கே போடுங்கள், படித்துவிட்டுச் சொல்கிறோம்.