ஸ்டேன்ஸ் மில் 1888: வைகைக்கரையானுக்கு ஒரு கணக்குப் பாடம்

பஞ்சாலைப்பேரன்: நேற்று ஒருவர் இந்த இணைய மன்றத்தில் எழுதிவிட்டுப் போனார். அரசாங்கம் நகரமைப்புத் திட்டம் போடாத ஊரில் தொழிலும் வராது, கலையும் வராதாம். உதாரணம் கோவையாம்! 1932-ல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்த பிறகுதான் எங்களுக்கு மில்லே வந்ததாம். ஐயா, எங்கள் ஊர் ஸ்டேன்ஸ் பஞ்சாலை தொடங்கியது 1888. கழித்தல் கணக்கு தெரியுமா?

வைகைக்கரையான்: அந்த ஒருவர் நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். 1888-ல் ஒரு மில் இருந்தது, சரி. வரிசையாக மில்கள் எழுந்தது முப்பதுகளில். நீலகிரியிலிருந்து கம்பி இழுத்தது உங்கள் தாத்தாவா? மதராஸ் அரசாங்கம். அதுதான் திட்டம்.

பஞ்சாலைப்பேரன்: கம்பி இழுப்பது நகரமைப்பு என்றால் எங்கள் தெரு லைன்மேனும் நகரமைப்பு நிபுணர்தான். சுற்றிலும் கரிசல் மண், அதில் பருத்தி. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் நூலுக்குத் தேவையான ஈரம். விவசாயக் குடும்பங்கள் கையிலிருந்த காசைப் போட்டு மில் கட்டின. இதில் வரைபடம் எங்கே? தவிர, 1888.

ரேஸ்கோர்ஸ் நடையன்: நம்ம கோவை ஆர்.எஸ்.புரம் திட்டம் போட்டு அமைத்ததுதானே, அண்ணா? தெருவெல்லாம் நேர்நேராக இருக்கிறதே.

பஞ்சாலைப்பேரன்: அங்கே எத்தனை மில்லுங்க தம்பி இருக்கு? மில்கள் பீளமேடு, சிங்காநல்லூர் பக்கம். அன்றைக்கு அதெல்லாம் ஊருக்கு வெளியே கிராமம். நீங்க யார் பக்கம்?

வைகைக்கரையான்: கலையைப் பற்றி மூச்சே காணோம். மதுரையைப் பாருங்கள். கோயிலைச் சுற்றிச் சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று வீதிகள். தேர் ஓடவே வீதி. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டையை இடித்து வெளி வீதிக்கு இடம் கொடுத்தார். அப்புறம் ஹார்வி மில் வந்தது.

பஞ்சாலைப்பேரன்: வந்துவிட்டதா மதுரை! பிரியாணித் திரியிலும் இதையேதான் செய்தீர்கள், மறக்கவில்லை. கலைதானே? சாமிக்கண்ணு வின்சென்ட் கோவையில் தன் வெரைட்டி ஹால் தியேட்டரில் படம் ஓட்டியபோது பைக்காரா வெறும் அருவி. சொந்த ஜெனரேட்டர் வைத்து ஓட்டினார். அப்புறம் சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டுடியோ.

வைகைக்கரையான்: அந்த ஸ்டுடியோவில் விளக்கு எதில் எரிந்தது? விளக்கெண்ணெயிலா? பைக்காரா!

புதுவரவு: நகரமைப்பு என்று எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் பேசிக்கொள்ளலாமே?

பஞ்சாலைப்பேரன்: அதை நீங்கள் தனித் திரி போட்டுப் பேசுங்கள். இவர் முதலில் 1888-க்குப் பதில் சொல்லட்டும். மூன்று முறை கேட்டாகிவிட்டது.

ரேஸ்கோர்ஸ் நடையன்: சிறுவாணிக் குழாயும் திட்டம்தானே, அண்ணா?

பஞ்சாலைப்பேரன்: சிறுவாணியை இழுக்காதீங்க தம்பி. அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு இப்படிப் பேசுகிறீர்களே!

வைகைக்கரையான்: அது மட்டும் தானாகவே நடந்து வந்ததாக்கும்.

பஞ்சாலைப்பேரன்: வைகையில் தண்ணீர் பார்த்து எத்தனை நாளாச்சு, அதைச் சொல்லுங்கள் முதலில்.