முயல், சேவல், குதிரைவீரன்: ரோமானிய விலங்குருவ ப்ரூச்சுகளோடு எங்கள் அனுபவங்கள்

இங்கிலாந்தின் நார்ஃபோக்கிலிருந்து, பதிவுப் பணித் தன்னார்வலர்:

உழவு நிலங்களில் கிடைக்கும் தொல்பொருள்களைப் பதிவு செய்யும் பணியில் நான் சேர்ந்த முதல் மாதத்தில், மூன்று சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு முயல் வடிவ ப்ரூச்சை, அதாவது ஆடையில் மாட்டும் ஊசி அணியை, என் உள்ளங்கையில் வைத்தார்கள். காதுகளைப் பின்னுக்கு மடித்து ஓடும் அந்த முயலின் வயிற்றுப் பகுதியில், இரண்டு குட்டி முயல்கள் தனித்தனிக் குழிகளாக வார்க்கப்பட்டிருந்தன. ஒரு குழியில் மட்டும் நீல எனாமல், அதாவது உருக்கிப் பதித்த வண்ணக் கண்ணாடி, மிச்சமிருந்தது. மற்றதில் மண்தான் இருந்தது.

பிரிட்டனில் கிடைக்கும் எனாமல் பதித்த விலங்குருவங்கள் பெரும்பாலும் கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. செப்புக் கலப்பு உலோகத்தைக் குழிகளோடு வார்த்து, அவற்றில் வண்ணக் கண்ணாடிப் பொடியை நிரப்பிச் சூளையில் உருக்குவார்கள். பெருங்கடல் ஓரத்து மக்கள் பழுக்கக் காய்ந்த வெண்கலத்தின்மேல் வண்ணங்களை ஊற்றுவார்கள் என்றும், அவை கல்லைப்போல இறுகிவிடும் என்றும் கிரேக்க எழுத்தாளர் ஃபிலோஸ்ட்ராட்டஸ் 3ஆம் நூற்றாண்டில் எழுதியது இத்தகைய வேலையைத்தான் என்று பலர் கருதுகிறார்கள்.

ஆனால் என்னை அதிக நேரம் பிடித்து வைத்தது முயலின் பின்பக்கம்தான். ஊசியைத் தாங்கிய இரண்டு சிறு உலோக முளைகளும், ஊசிமுனை மாட்டும் கொக்கியும் அங்கே இருந்தன. ஊசி போய்விட்டது. கொக்கியின் உள்விளிம்பு மட்டும் ஓரிடத்தில் மெல்லியதாகத் தேய்ந்திருந்தது. யாரோ ஒருவர் தம் மேலாடையை மீண்டும் மீண்டும் அதில் மாட்டியிருக்கிறார். பிரிட்டன் மக்கள் முயல், சேவல், வாத்து இனத்துப் பறவை ஆகியவற்றை உண்பதைத் தகாததாக எண்ணினார்கள் என்று ஜூலியஸ் சீசர் எழுதியிருக்கிறார். அவருக்கு ஏறத்தாழ 200 ஆண்டுகள் பிந்திய இந்த முயலுக்கு அதையே விளக்கமாகச் சொல்லிவிடுவது அவசரம் என்பது என் கருத்து.

லெஸ்டர்ஷையரிலிருந்து, மெட்டல் டிடெக்டர் பயன்படுத்துபவர்:

நீங்கள் பின்பக்கத்தைப் பற்றி எழுதியதைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. நிலத்து உரிமையாளரின் அனுமதியோடு தேடிய ஒரு வயலில், உழுசாலில் ஒரு குதிரைவீரன் ப்ரூச் எனக்குக் கிடைத்தது. முகம் தெரிய வேண்டும் என்ற ஆவலில் ஈர மண்ணைப் பெருவிரலால் தேய்த்தேன். மண்ணோடு சேர்ந்து ஒரு சிவப்புச் செதிலும் என் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. அது குதிரையின் கழுத்தில் 1,800 ஆண்டுகளாக இருந்த எனாமல். களிம்பு என்று நாம் நினைக்கும் பச்சைப் படலமே பல வேளைகளில் அசல் மேற்பரப்பைத் தாங்கி நிற்கிறது என்பதை அதன் பிறகுதான் தொல்பொருள்களைப் பழுதின்றிப் பேணும் நிபுணர் ஒருவர் எனக்கு விளக்கினார். இப்போது எதையும் கழுவுவதில்லை. மண்ணோடு ஒரு டப்பாவில் வைத்து எடுத்துச் செல்கிறேன்.

இந்தக் குதிரைவீரர்கள் கோயில் இடங்களை ஒட்டிக் கூட்டமாகக் கிடைப்பவர்கள்; நார்ஃபோக்கின் ஹாக்வோல்டு அதற்குப் பேர்போன இடம். காணிக்கையாகவோ, வழிபட வந்தவர்களின் அடையாளமாகவோ இருந்திருக்கலாம் என்கிறார்கள். அதனால்தான் கிடைத்த இடம் முக்கியமாகிறது. இடம் தெரியாத ஒற்றைக் குதிரைவீரன் அழகான உலோகத் துண்டு மட்டுமே. எந்தப் பொருள் கிடைத்தால் அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்று சொல்லும் 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் பொன்னையும் வெள்ளியையும் முதன்மையாகக் கொண்டது; தனியாகக் கிடைக்கும் வெண்கல ப்ரூச் பொதுவாக அதற்குள் வராது. 1997இல் தொடங்கிய தொல்பொருள் பதிவுத் திட்டத்துக்கு அதைக் கொண்டுபோய்க் காட்டுவது கண்டெடுத்தவரின் மனத்தைப் பொறுத்தது. தயவுசெய்து காட்டுங்கள்; கிடைத்த புள்ளியை அந்த இடத்தில் நிற்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

கார்ன்வாலிலிருந்து:

நான் கண்டெடுத்தவன் அல்லன், பார்த்தவன் மட்டுமே. சில்லித் தீவுகளில் ஆளில்லாத நோர்னூர் தீவுக்குப் படகில் போயிருந்தேன். 1962இல் ஒரு புயல் கரையை அரித்தபோது அங்கே பழைய கல்வீடுகள் வெளிப்பட்டன. தொடர்ந்த அகழாய்வில் ஏறத்தாழ 300 ரோமானிய ப்ரூச்சுகள் கிடைத்தன, விலங்குருவங்களும் அவற்றில் உண்டு. முதலில் அதை ஒரு பட்டறை என்றார்கள். பின்னர், கடலோடிகள் காணிக்கை செலுத்திய இடம் என்ற கருத்து வலுப்பெற்றது. நான் நின்ற சுவருக்கும் அலைக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு அடிகூட இல்லை.