பட்டப்பகலில் எரிந்த தெருவிளக்கு

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் குடியேறிய புதிதில், கொடியில் காய்ந்துகொண்டிருந்த என் வெள்ளைச் சட்டையைப் பக்கத்து வீட்டுப் பாட்டி தொட்டுப் பார்த்தார். காலரைத் திருப்பி உள்பக்கத்தையும் பார்த்தார். "நான் சின்னப் பிள்ளையா இருந்தப்போ இப்படி வெளியில காயப்போட முடியாது" என்றார்.

அப்போதெல்லாம் நிலக்கரிப் புகையில் நண்பகலிலேயே தெருவிளக்கு எரியுமாம். அவருடைய அப்பா ஆபீசுக்குப் போகும்போது இன்னொரு சட்டையை மடித்து எடுத்துப் போவாராம். மத்தியானத்துக்குள் போட்டிருக்கும் சட்டை கறுத்துவிடும். "டேவிட் லாரன்ஸ் வந்த பிறகுதான் அம்மா திரைச்சீலை துவைப்பது குறைந்தது" என்றார். ஊரின் மாநாட்டு மையத்துக்கு அந்தப் பெயர்தான். எத்தனையோ முறை அதைக் கடந்து போயிருக்கிறேன், யார் இவர் என்று கேட்டதே இல்லை.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1941-லேயே வந்துவிட்டது. போர் வந்ததால் கிடப்பில் கிடந்தது. 1946-ல் மேயரான லாரன்ஸ் முதலில் ஆலைகளுக்கும், மறு வருஷம் வீடுகளுக்கும் அதை அமலாக்கினார். புகை குறைந்த எரிபொருளுக்கு விலை அதிகம். அதை வாங்க வேண்டியிருந்தவர்களோ அவருக்கே ஓட்டுப் போட்ட தொழிலாளர் குடும்பங்கள். 1949-ல் சொந்தக் கட்சியின் உட்தேர்தலிலேயே இதைச் சொல்லி அவரை எதிர்த்தார்கள். பின்வாங்கவில்லை, ஜெயித்தார். ஜனநாயகக் கட்சிக்காரரான அவர், குடியரசுக் கட்சியைச் சேர்ந்த கோடீஸ்வரர் ரிச்சர்ட் கிங் மெல்லனோடு சேர்ந்து ஊரைத் திருத்தினார். அந்தத் துணிச்சல் எனக்கு இன்றும் பிரமிப்புதான். 1959-ல் பென்சில்வேனியாவின் ஆளுநராகவும் ஆனார்.

ஆனால் சில வருஷம் கழித்து, ஊரின் லோயர் ஹில் என்ற குடியிருப்புப் பகுதியில் பிறந்து வளர்ந்த ஒரு கறுப்பினப் பெரியவரிடம் லாரன்ஸைப் புகழ்ந்து பேசிவிட்டேன். அவர் முகம் மாறியது. 1956-ல் அந்தப் பகுதியை இடிக்கத் தொடங்கியதும் லாரன்ஸ் காலத்தில்தான். எண்ணாயிரம் பேர் போல வெளியேற்றப்பட்டார்கள், பெரும்பாலும் கறுப்பின மக்கள். அங்கே 1961-ல் திறந்த சிவிக் அரீனா அரங்கமும் பிறகு இடிக்கப்பட்டு, நாங்கள் பேசியபோது வெறும் கார் நிறுத்துமிடமாகக் கிடந்தது.

பெரியவர் என்னை அங்கே கூட்டிப் போனார். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு கையை நீட்டி, "அதோ, மூணாவது விளக்குக் கம்பம் தெரியுதா? அங்கேதான் எங்க அடுப்படி" என்றார்.