வாழை மரத்தடியில் ஊற்றிய பால்: மதுரைப் பக்கத்து அம்மாக்களின் அனுபவங்கள்

திருப்பரங்குன்றத்துக்காரி:

தலைப்பிரசவம், சிசேரியன். மூணாம் நாள் ராத்திரி ரெண்டு மாரும் கல்லு மாதிரி கட்டிக்கிச்சு, காய்ச்சல் வேற. பிள்ளை வாய் வைக்கும், வழுக்கும், வீரிட்டு அழுகும். காம்பு உள்வாங்கி இருக்குன்னு அதுவரைக்கும் ஒருத்தரும் பார்த்துச் சொல்லல. நான் பிள்ளை பெத்த ஆஸ்பத்திரியில, "பால் இல்ல போல, பவுடர் வாங்கிக் குடுங்க"ன்னு சீட்டு எழுதிட்டாங்க. பால் இல்லாமயா நைட்டி ரெண்டு பக்கமும் நனைஞ்சு கெடக்கு?

வீட்டுக்கு வந்தா ஆளாளுக்கு வைத்தியம். அம்மா பூண்டை நல்லெண்ணெயில வதக்கித் தட்டு நிறைய வைக்கும். அத்தை பால்சுறாப் புட்டு. எதுத்த வீட்டு அப்பத்தா, "சேனை (பிறந்த பிள்ளை நாக்குல மொத மொதல்ல தொட்டு வைக்கிற இனிப்பு) வச்சது யாரு? அவுக ராசிதேன்"னு ஆரம்பிச்சிருச்சு. வச்சது எங்க பெரிய மாமா. பாவம், மனுசன் அன்னைக்கு முழுக்க வாயே தெறக்கல. சேனையே வேணாம், மொதல்ல உள்ள போக வேண்டியது சீம்பால்தான்னு எனக்கும் பிந்தித்தான் தெரிஞ்சது.

வழிக்குக் கொண்டாந்தது கிராம நர்ஸக்கா. பத்து எம்.எல். சிரிஞ்சோட ஊசி மாட்டுற முனையை பிளேடால வெட்டி, தண்டை உருவி, வெட்டின பக்கமாச் சொருகினாங்க. வழவழன்னு இருக்கிற பக்கத்தை மாருல வச்சு மெதுவா இழுத்தா காம்பு எந்திரிச்சு நிக்குது. அரை நிமிஷம் பிடிச்சு விட்டாங்க. அப்புறம் பிள்ளை மூக்கைக் காம்புக்கு நேரா வச்சு, வாயை நல்லாப் பொளந்ததும் கருவட்டத்தோட உள்ள போற மாதிரி அணைச்சாங்க. மடக் மடக்குன்னு முழுங்குற சத்தம்! நானும் அம்மாவும் அழுதுட்டோம். நர்ஸக்கா டீ இருக்கான்னு கேட்டாங்க.

பெறகு தலைகீழா ஆச்சு. பிள்ளைக்குப் போக மிச்சம். "எறும்பு மொய்ச்சா வத்திரும், கால் படாத எடத்துல ஊத்து"ன்னு அத்தை சொல்ல, தினம் சில்வர் டம்ளர்ல பீச்சி வாழை மரத்தடியில ஊத்துவேன். நர்ஸக்கா பார்த்துட்டு, "மதுரை பெரியாஸ்பத்திரியில கண்ணாடிப் பெட்டிக்குள்ள குறைமாசப் பிள்ளைக கெடக்குதுகளே, அதுகளுக்கு இது எத்தனை வேளைக்கு வரும்!"னாங்க. அங்க 2015-லயே, மிச்சப் பாலை வாங்கி இப்படிப் பிள்ளைகளுக்குக் குடுக்குற தாய்ப்பால் வங்கி வந்திருச்சாம். அந்த ஆஸ்பத்திரி இருக்கிற பனகல் ரோட்டுல எத்தனையோ தடவை போயிருக்கேன், தெரியாது. ரத்தம் எடுத்து எச்.ஐ.வி., மஞ்சக்காமாலை எல்லாம் பார்த்து, கையெழுத்து வாங்கிட்டுத்தான் எடுத்துக்கிட்டாங்க. "நம்ம பிள்ளைக்குக் கொறஞ்சிரும்"னு வீட்டுக்காரருக்குக் கவலை. வைகை மணல்ல ஊத்துத் தோண்டின ஆளுதான் அவரும். எறைக்க எறைக்க ஊறும்னு நான் சொல்லணுமா?

மேலூர்:

நான் வங்கிப் பாலை வாங்கின பக்கம். 30 வாரத்துல பிறந்தான், 1 கிலோ 200. எனக்கு பிரஷர் ஏறி ஐ.சி.யூ.ல கெடந்தேன். யாரோ ஒருத்தி பாலை ரெண்டு ரெண்டு எம்.எல்.லா மூக்குக் குழாய் வழியாக் குடுத்தாங்க. குறைமாசக் குடலுக்குப் பவுடர் பால்னா குடல் அழுகுற ஆபத்து அதிகம்னு டாக்டர் சொன்னாராம். சொந்தத்துல ஒரு பெருசு, "எந்தச் சாதிக்காரி பாலோ"ன்னுச்சு. எங்கப்பா, "போன வருஷம் ஒனக்கு ரெண்டு பாட்டில் ரத்தம் ஏத்துனாங்களே, அப்பக் கேட்டியா?"ன்னாரு. அதோட பேச்சு நின்னுச்சு.

உசிலம்பட்டி:

எனக்குப் பிள்ளை தங்கல. பாலுக்கு அது தெரியுமா? நாலாம் நாள் பொங்கி வழியுது. அம்மா அரைக்கிலோ மல்லிகைப் பூ வாங்கியாந்து, மாருல பரப்பித் துணியால இறுக்கிக் கட்டுச்சு. வாடினதும் எடுத்துட்டுப் புதுப் பூ. பால் வத்திருச்சு. இப்பவும் பஸ்ஸுல பக்கத்துல யாராச்சும் மல்லி வச்சுட்டு உக்காந்தா எந்திரிச்சு நின்னுக்கிருவேன். வங்கி இருக்குன்னு அப்பத் தெரியாது. தெரிஞ்சிருந்தா குடுத்திருப்பேனா? சொல்லத் தெரியல.

ஒரு செவிலியர்:

உசிலம்பட்டி அக்கா, குடுத்தே ஆகணும்னு யாரும் சொல்ல முடியாது. மல்லிகை பால் வத்த வைக்கும்னு வேலூர் சி.எம்.சி.யிலேயே சோதிச்சுப் பார்த்திருக்காங்க, 1988-ல கட்டுரையும் வந்துச்சு. உங்க அம்மா பூ வச்சது சரிதான்.

மத்தவங்களுக்கு ஒண்ணு: பாவமா இருக்குன்னு பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு நேராக் குடுத்துறாதீங்க. வங்கியில 62.5 டிகிரி சூட்டுல 30 நிமிஷம் வச்சு, கிருமி இருக்கான்னு பார்த்து, மைனஸ் 20-ல உறைய வச்சுத்தான் குடுப்போம். காசுக்கு விக்கவும் கூடாது. 2024-ல உணவுப் பாதுகாப்பு ஆணையம் கண்டிச்சுச் சுற்றறிக்கையே விட்டிருக்கு.

விரகனூர்:

அடுத்த மாசம் வேலைக்குப் போகணும்க்கா. பீச்சி வச்சா எம்புட்டு நேரம் தாங்கும்?

திருப்பரங்குன்றத்துக்காரி:

வெளிய நாலு மணி நேரம்னு சொல்லுவாங்க. நம்ம ஊரு சித்திரை வெயிலுக்கு அதை நம்பாத, பீச்சினதும் ஃப்ரிட்ஜுல வச்சிரு. கதவுப் பக்கம் வேணாம், உள்ள தள்ளி வை. குடுக்கும்போது அடுப்புல வச்சுச் சூடு பண்ணாத, வெதுவெதுன்னு தண்ணியில டம்ளரை எறக்கினாப் போதும்.