ஊழியர் கையாடிய பணத்தைக் குற்றவியல் நீதிமன்றத்தின் வழியாகவே திரும்பப் பெற முடியுமா?

பூக்கடை மகள்:

வணக்கம். சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் என் பெற்றோர் நடத்திவரும் சிறிய பூக்கடையில் நான்கு ஆண்டுகளாக வேலை பார்த்த ஒருவர், கல்யாண மாலைகளுக்கு வாடிக்கையாளர்கள் கொடுத்த முன்பணத்தைக் கடைக் கணக்கில் சேர்க்காமல், தம்முடைய பேநவ் (கைபேசிவழிப் பணம் அனுப்பும் சேவை) எண்ணுக்கு அனுப்பச் சொல்லி வாங்கியிருக்கிறார். முகூர்த்த நாளன்று விடியற்காலையில் மாலைக்காக வந்து நின்றவர்களிடம், குறிப்பேட்டில் உங்கள் பெயரே இல்லை என்று சொல்ல என் தாயாருக்கு மனம் வரவில்லை. வேறு கடையில் கூடுதல் விலைக்கு மல்லிகை வாங்கிக் கட்டிக் கொடுத்துவிட்டு, அதன் பிறகுதான் ஒவ்வொன்றாகத் தோண்டிப் பார்த்தோம். 31 ஆர்டர்கள், முன்பணம் மட்டும் மொத்தம் 14,260 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்).

காவல்துறையில் புகார் கொடுத்தோம். நம்பிக்கை மோசடிக் குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டுள்ளன. அவர் குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போவதாகவும், அடுத்த மாதம் தண்டனை விதிக்கப்படலாம் என்றும் விசாரணை அதிகாரி கூறினார். ஆனால் குற்றச்சாட்டுகளில் உள்ள தொகையைக் கூட்டினால் 8,900 வெள்ளிதான் வருகிறது. நீதிபதியே பணத்தைத் திருப்பித் தரச் சொல்வாரா? அதற்கு நாங்கள் வழக்கறிஞர் வைத்து மனு போட வேண்டுமா?

ஓய்வுபெற்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்:

உங்கள் தாயார் அந்தக் காலை நேரத்தில் செய்தது பெரிய காரியம். உங்கள் கேள்வியில் நான் முதலில் கவனித்தது, 14,260க்கும் 8,900க்கும் இடையில் விடுபட்டிருக்கும் 5,360 வெள்ளி. அதை இந்த வாரமே தீர்த்துக்கொள்ளுங்கள்.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 359ஆம் பிரிவின்படி, ஒருவர் குற்றவாளி என்று தீர்ப்பான பிறகு, பாதிக்கப்பட்டவருக்கு அவர் இழப்பீடு கொடுக்க உத்தரவிட வேண்டுமா என்பதை நீதிமன்றம் கட்டாயம் பரிசீலிக்க வேண்டும். 2018ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, உத்தரவிடாமல் விட்டால் அதற்கான காரணத்தையும் சொல்லியாக வேண்டும். ஆகவே நீங்கள் தனி மனு போட வேண்டியதில்லை. வழக்கறிஞர் வைத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. ஆனால், அந்த இழப்பீடு இரண்டு வகைக் குற்றச்சாட்டுகளுக்கு மட்டுமே பொருந்தும்: ஒன்று, தண்டனை விதிக்கப்படும் குற்றச்சாட்டுகள், மற்றொன்று, குற்றவாளி ஒப்புக்கொண்டு, தண்டனை விதிக்கும்போது கவனத்தில் எடுத்துக்கொள்ளப்படும் குற்றச்சாட்டுகள். இவை இரண்டிலும் இடம்பெறாத ஆர்டர்களின் பணத்தைப் பற்றி, அது எவ்வளவு உண்மையாக இருந்தாலும், அந்த நீதிமன்றம் இழப்பீட்டு உத்தரவு போட முடியாது.

எனவே விசாரணை அதிகாரியிடம் எழுத்துமூலமாகக் கேளுங்கள்: மீதி ஆர்டர்கள் கவனத்தில் எடுத்துக்கொள்ளப்படும் குற்றச்சாட்டுகளில் இருக்கின்றனவா, இல்லையென்றால் ஏன். பல நேரங்களில் காரணம் மிகச் சாதாரணமானது. அந்த ஆர்டருக்குச் சான்று போய்ச் சேர்ந்திருக்காது. வாடிக்கையாளர் அனுப்பிய பேநவ் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்), தேதி, தொகை, எந்த மாலை, எந்தக் கல்யாணம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள் தயார் செய்து, இழப்பீடு கோருகிறீர்கள் என்பதையும் குறிப்பிட்டு, அரசுத் தரப்பு வழக்கறிஞருக்குச் சேர்க்கும்படி அதிகாரியிடம் கொடுங்கள். கூடுதல் விலைக்கு வாங்கிய மல்லிகையின் ரசீதுகளையும் வையுங்கள். அது கிடைக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன், ஆனால் கணக்கு தெளிவாக இருந்தால் கேட்பதில் தவறில்லை. கடையின் பெயர் கெட்டதால் வியாபாரம் குறைந்தது என்பதைப் போன்ற, நீண்ட வாதம் தேவைப்படும் இழப்புகளை இங்கே எழுப்ப வேண்டாம். இழப்பீட்டு உத்தரவு நேரடியான, எளிதில் கணக்கிடக்கூடிய இழப்புகளுக்கானது.

குற்றவாளியின் பணம் கட்டும் சக்தியையும் நீதிபதி பார்ப்பார். இந்த உத்தரவு இன்னொரு தண்டனை அல்ல என்பதை 2014இல் பணிப்பெண் துன்புறுத்தல் வழக்கு ஒன்றில் உயர் நீதிமன்றம் விளக்கியது. நியாயமான காலத்துக்குள் கட்டக்கூடிய தொகையாக அது இருக்க வேண்டும், தவணையாகவும் அனுமதிக்கலாம்.

ஈசூன் வாசகர்:

மேலே ஐயா சொன்ன கடைசிப் பத்தியை நாங்கள் அனுபவித்தோம். தெரிந்த ஒருவர் என் தந்தையிடம் 6,000 வெள்ளி ஏமாற்றிவிட்டார். மாதம் 500 வெள்ளி கட்ட வேண்டும், தவறினால் சிறை என்று உத்தரவானது. ஏழு மாதம் வந்தது. பிறகு அவர் சிறைக்குப் போய்விட்டார், மீதி 2,500 வெள்ளி எங்கள் கைக்கு வரவில்லை. உத்தரவு கிடைத்த அன்றே பணம் கிடைத்துவிட்டதாக எண்ணிக்கொண்டது எங்கள் தவறு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தண்டனை நாள் நெருங்கியபோது அவர் தரப்பிலிருந்து 2,000 வெள்ளி தருவதாகச் சொல்லி, "முழுத் தீர்வாக ஏற்றுக்கொள்கிறேன்" என்று எழுதிய தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். முன்கூட்டியே பணம் திருப்பித் தருவது தண்டனையைக் குறைக்க உதவும் என்பதால் இப்படி வருவார்கள். பணத்தை வாங்குவதில் தவறில்லை. பெற்ற தொகையை மட்டும் குறிப்பிட்டு ரசீது கொடுங்கள், விசாரணை அதிகாரியிடமும் சொல்லிவிடுங்கள். புகாரை மீட்டுக்கொள்வதாக மட்டும் யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். குற்றச்சாட்டு பதிவான பிறகு அந்த முடிவு உங்கள் கையில் இல்லை.

பூக்கடை மகள்:

இருவருக்கும் மிக்க நன்றி. ஒரே ஒரு சந்தேகம்: உத்தரவில் வராத பகுதிக்கு வேறு வழி உண்டா?

ஓய்வுபெற்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்:

உண்டு. இழப்பீட்டு உத்தரவு உங்கள் உரிமையியல் வழக்கு உரிமையைப் பறிப்பதில்லை; அதன் வழியாக ஏற்கெனவே கிடைத்த தொகை மட்டும் கழிக்கப்படும். 60,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை மாஜிஸ்திரேட் நீதிமன்றம் விசாரிக்கும். அங்கே இந்தக் குற்றத்தீர்ப்பையே சான்றாகக் காட்டலாம். அவருடைய வங்கிக் கணக்கைக் காவல்துறை முடக்கியிருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள். முடக்கியிருந்தால், அதிலுள்ள பணத்தை யாரிடம் ஒப்படைப்பது என்று நீதிமன்றம் தனியாக முடிவு செய்யும், அப்போது உங்கள் உரிமையை நிரூபிக்கவும் அதே தாள்கள்தான் வேண்டும்.

பூக்கடை மகள்:

நேற்று இரவு அம்மாவும் நானும் உட்கார்ந்து 31 ஆர்டர்களையும் பிரித்தோம். விடுபட்டவை 12. அவற்றில் 9 வாடிக்கையாளர்கள் பணம் அனுப்பிய சான்றைத் தேடி எடுத்து அனுப்பிவிட்டார்கள். ஒருவர் தம் மகளின் கல்யாண அழைப்பிதழையும் சேர்த்து அனுப்பியிருந்தார். விசாரணை அதிகாரி வியாழக்கிழமை எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.